பத்துக்கு ஒன்று

“டார்ச்ச ஆட்டாம புடிங்கப்பா. ஆறரைக்கு அவரு வந்துடுவாரு. அதுக்குள்ள இதக் கழட்டணும்.”

ரூபினி காற்றுத் துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, அதன் முதுகில் இருந்த ஒரு குட்டி ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலையே இல்லாத ஸ்க்ரூ. இரும்புக்குள் புதைந்து, குறி பார்க்கும் தகட்டை அசையவிடாமல் பிடித்திருந்தது. அதன் நடுவிலிருந்த அறுகோண ஓட்டையில் அலன் கீயை விட்டுத் திருகினால் கீதான் வழுக்கியது.

“எப்படிக் கழலும்? பசை ஊத்தி இறுக்குனது நானாச்சே,” என்றார் அப்பா பக்கிரிசாமி. குரலில் பெருமை.

செர்டாங் பக்கத்து எஸ்டேட்டில் மாரியம்மன் கோயில் திருவிழா. இன்று மூன்றாவது நாள், கடைசி நாள். நாளைக் காலையில் பக்கிரிசாமியின் பலூன் கடை லாரியில் ஏறிவிடும்.

கடை வாசலில் விதிமுறை எழுதித் தொங்கியது. பத்துக் குண்டில் ஐந்து பலூன் வெடித்தால் பெரிய கரடிப் பொம்மை. கரடியை வென்றவருக்கு இந்தத் திருவிழாவில் மறுபடி துப்பாக்கி கிடையாது. இரண்டாவது விதிக்கு வேலையே வந்ததில்லை. பக்கிரிசாமி அந்தத் தகட்டை ஒரு நூல் தள்ளி வைத்திருந்ததால் குண்டு பலூனை விட்டு இரண்டு விரற்கடை இடப்பக்கம் போகும். கரடி மூன்று வருடமாகப் பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது.

கூலிம் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் ரூபினி, திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவுக்கு உதவ வந்திருந்தாள். வந்த இடத்தில் யோகேந்திரன் என்ற அந்த ஆளைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை. இரண்டு நாளாகச் சாயங்காலம் ஆறரைக்குக் கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தான். அவள் ஒவ்வொரு குண்டாக எடுத்துக் கொடுக்க, பத்துப் பத்தாகச் சுட்டான். ஒரு பலூன்கூட வெடிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பரவாயில்லை என்று சிரித்துவிட்டு இன்னொரு பத்துக் கேட்டான். இன்றைக்காவது அவன் ஜெயித்துவிட்டுப் போகவேண்டும் என்று ரூபினி பிடிவாதமாக இருந்தாள்.

“ஊரே சுட்டுட்டு வெறுங்கையோட போவுது. இவருக்கு மட்டும் என்னாம்மா ஸ்பெஷல்?”

ரூபினி காது கேட்காதவள்போல, ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயனைப் பிளக்கில் செருகினாள். சூடேறியதும் நுனியை ஸ்க்ரூவின்மேல் வைத்து அறுபதுவரை எண்ணினாள். பசை இளகி நாறியது. ஓட்டையின் மூலைகள் தேய்ந்திருந்ததால், சற்றே பெரிய நட்சத்திர முனையை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினாள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. பிறகு எதிர்ப்பக்கம்.

டக்.

“அம்பது வருசத்துக்கு அசையாதுன்னு சொல்லித்தான் அந்தப் பசைய வித்தான்,” என்றார் பக்கிரிசாமி வருத்தமாக.

அவள் தகட்டை நேராக்கி வேறு ஸ்க்ரூ போட்டு இறுக்கினாள். மூன்று குண்டு சுட்டுப் பார்த்தாள். மூன்று பலூன் வெடித்தன. அன்று காலைதான் அடித்திருந்த புதுப் பலகையில் மறுபடி பலூன்களைக் கட்டியபடி, பக்கிரிசாமி பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர்போலக் கரடியைப் பார்த்தார்.

சரியாக ஆறரைக்கு யோகேந்திரன் வந்தான். இன்றைக்குச் சட்டையில் இஸ்திரி மடிப்பு இருந்தது. ரூபினி கொடுத்த முதல் குண்டைப் போட்டு, நிதானமாகக் குறி வைத்து அழுத்தினான்.

பலூன் வெடித்தது.

ரூபினி கைதட்டிவிட்டாள். அவன் முகமோ பேயைக் கண்டதுபோல வெளுத்தது. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாவம், சந்தோஷம் தாங்கவில்லைபோல என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த குண்டு பலகையில் போய்ப் பதிந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்பது குண்டும் பலகைக்கே போயின.

ரூபினிக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. துப்பாக்கியில் இனிக் குற்றமில்லை. அப்படியானால் இவனுக்குச் சுடவே வராது.

“கண்ணு டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்,” என்றாள், மனசு நோகாதபடி.

“பண்ணலாங்க. இன்னொரு பத்து குடுங்க,” என்றான் அவன் மலர்ச்சியாக.

வெடித்த இடத்தில் புதுப் பலூன் கட்டப் போன பக்கிரிசாமி அங்கேயே நின்றுவிட்டார். பலகைமேல் குனிந்து வெகுநேரம் எதையோ பார்த்தார். பிறகு மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

இரண்டு பலூன்களுக்கு நட்டநடுவே, புதுப் பலகையில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரே ஓர் ஓட்டை. பலூன்களுக்குப் பின்னால் தவிர வேறெங்கும் ஒரு கீறல் இல்லை.

“ஒம்பது குண்டும் இதுக்குள்ளதான் இருக்கு,” என்றார் பக்கிரிசாமி மெதுவாக. “ஜெயிச்சா மறுபடி உங்கிட்ட வர முடியாதுன்னு போர்டு போட்டது என் தப்பும்மா. இந்த மூணு நாள்ல அவருக்குக் குறி தப்புனது ஒரே ஒரு தடவதான்: அந்தப் பலூன் வெடிச்சப்ப.”