நூற்றுப்பத்துக்கு மேலே யாருமில்லை

பேனாவின் மூடியைக் கழற்றியாகிவிட்டது.

தலைமை ஆக்சுவரி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டுவிட்டால், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனும் ஆக்சுவரி.

ஆக்சுவரி என்றால், ஊரில் யார் யார் எத்தனை காலம் இருப்பார்கள் என்று மொத்தமாகக் கணக்குப் போட்டு, பென்ஷன் நிதி தாங்குமா தாங்காதா என்று சொல்கிறவர். அப்படி ஆவது லேசுப்பட்ட காரியமா? ஒரு பரீட்சையைத் தாண்டினால் இன்னொன்று வாசலில் நிற்கும். அதையும் தாண்டுவதற்குள் தலை நரைத்துவிடும். எல்லாம் முடிகிறவரை ஆபீசில் பெயர் 'மாணவர்'. கழுதை வயதாகியும் இவன் மாணவர்தான்.

வீட்டுக்குப் போனாலும் விமோசனம் கிடையாது. பழைய டெலிபோன் ஊழியர் குடியிருப்பில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தான். கீழ் வீட்டில் டெலிபோன் அக்கா.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்டு இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவர். பாம்புச் செவி. அவன் படியேறுகிற சத்தத்தை வைத்தே பாஸா ஃபெயிலா என்று சொல்லிவிடுவார். அவனுக்குப் 'பரீட்சை' என்று பெயர் வைத்ததும் அவர்தான். குடியிருப்பில் சிறிசு பெரிசு எல்லோருக்கும் அவர் அக்கா. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். வயதைக் கேட்டால், அதெல்லாம் உன் பாடத்தில் வராது என்று வாயை அடைத்துவிடுவார். இன்று காலையும் ஜன்னலைத் திறந்து, கையெழுத்து வாங்காமல் படியேறாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பரீட்சைகள் முடிந்துவிட்டன. சொந்தமாகச் செய்த வேலை ஒன்றைத் தலைமை ஆக்சுவரியிடம் காட்டி, அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் கடைசி நிபந்தனை. ஆண்டுக்கு ஒரு தடவைதான் இந்த வாய்ப்பு. விட்டால் அடுத்த ஆண்டுதான்.

டெலிபோன் துறையில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆயுள் அட்டவணை போட்டுக் கொண்டுவந்திருந்தான். வயதுக்கு ஒரு வரி. அந்த வயதில் இருப்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அடுத்த பிறந்தநாளைப் பார்க்கமாட்டார்கள் என்று அதில் இருக்கும். எங்கேயாவது முடித்துத்தானே ஆக வேண்டும்? நூற்றுப்பத்தில் முடித்திருந்தான். கடைசி வரியில் நூற்றுக்கு நூறு. அதற்கு மேலே யாருமில்லை.

தலைமை ஆக்சுவரி அவனைவிட இளையவர். சிடுசிடுப்பு இல்லாத பெண்மணி. அட்டவணை பிரமாதம் என்றார். ஒரே ஒரு சந்தேகம்தான். வந்த விவரங்களில் ஓர் ஆளை மட்டும் நீக்கியிருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார்.

அவன் தயங்காமல் சொன்னான். பிறந்த தேதியின்படி அந்த ஆளுக்கு நூற்றுப்பதினொன்று. அப்படி ஒருவர் இருக்க வழியில்லை. தேதியைத் தப்பாக ஏற்றியிருப்பார்கள். வழக்கமாக நடப்பதுதான்.

"ஆளுக்கு போன் பண்ணிக் கேட்டீங்களா?"

படித்துத் தீர்த்த அத்தனை புத்தகங்களில் ஒன்றிலாவது அப்படி ஒரு யோசனை இருந்ததா என்று தேடிப் பார்த்தான். அவனைப் பொறுத்தவரை அது பெயர்கூட இல்லாத ஒரு வரி. ஓர் எண், ஒரு தேதி, அவ்வளவுதான். வரிக்கு யாராவது போன் பண்ணுவார்களா?

தலைமை ஆக்சுவரி பென்ஷன் பிரிவில் நம்பரைக் கேட்டு வாங்கி, மேசை போனில் தானே போட்டு, ரிசீவரை அவனிடம் நீட்டினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது பேரன் எடுத்து, போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று என்பான் என்று நினைத்தான்.

எடுத்தார்கள். "நம்பர் ப்ளீஸ்" என்றது ஒரு பெண் குரல். வேலையை விட்டும் விடாத பழக்கம்.

அவன் ஹலோ என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை.

"என்ன பரீட்சை, கையெழுத்து வாங்கிட்டியா?"

அவன் தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

மனதுக்குள் அக்காவுக்கு எண்பத்தைந்து வயது போட்டு வைத்திருந்தான். மதிப்பிடுவதுதானே அவன் பிழைப்பு. போன வாரம் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, விழுந்து வைக்கப் போகிறீர்கள் என்று கத்திவிட்டு மாடிக்குப் போய், இந்த அட்டவணையைத்தான் முடித்தான். அவன் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். அவன் எழுதிய ஒவ்வொரு வரியையும் கால்நடையாகவே தாண்டி வந்து, கடைசி வரிக்கும் அந்தப் பக்கம் நின்றுகொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அவனுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கையில் ரிசீவர் இருந்தது.

பேனாவைப் பிடித்தபடி தலைமை ஆக்சுவரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசுவது அவருக்குக் கேட்காது. தேதி தப்புதான் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையெழுத்து விழுந்துவிடும்.

அவன் மேசையிலிருந்த அட்டவணையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இன்னும் இல்லக்கா. கடைசி வரி தப்பாயிடுச்சு. இனிமே அடுத்த வருஷம்தான்."

"அதுக்கென்ன, நிதானமா வாங்கு. நான் எங்க போகப் போறேன்?"