வீட்டுக் குரல்

ஜூன் 14, சனிக்கிழமை.

இன்று ஒரு சிறிய தவறு. அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

பேசுபவருக்குத் தன் குரல் கேட்க வேண்டும் என்று நான் போகும் ஒலிப்பதிவு மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் செய்தேன்.

மற்றதெல்லாம் சரியாக இருந்தது என்றே நினைக்கிறேன். வகுப்பிலிருந்து இரவல் வாங்கிவந்த ஆடியோ இன்டர்ஃபேஸ். தீப்பெட்டி பண்டல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்னால் மைக் வயர். பின்னால் யூஎஸ்பி வயர், மடிக்கணினிக்கு. மென்பொருள் முதலில் மடிக்கணினியின் சொந்த மைக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றினேன். மாறிவிட்டதா என்று மைக்கை விரலால் தட்டிப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு முறை தட்டினேன்.

ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன்.

அவர் என் அத்தையின் கணவர். கோவில்பட்டியில் அவர் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புச் சொல்லிக்கொண்டே தெருத்தெருவாகப் போவார். ஆடித் தள்ளுபடி. குடிநீர் நிறுத்தம். இறந்தவர் பெயர், எடுக்கும் நேரம்.

திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள்.

புற்று.

பிறகு அவருக்குப் பதிலாக ஃபோன் பேசும். வேண்டிய வாக்கியங்களை இப்போதே பதிந்து ஏற்றிவிட்டால், தொட்டதும் அவர் குரலிலேயே வரும். யோசனை என்னுடையது.

இந்த மாதம் முழுக்கக் காலையில்தான் அவருக்குக் குரல் இருக்கிறது. அதுவும் கொஞ்ச நேரம். அப்புறம் வாயிலிருந்து காற்றுதான் வரும்.

ஆகவே காலையிலேயே உட்காரவைத்தேன்.

ஹெட்போனில் தன் குரலைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தார்.

தோள் விரிந்தது. இடது கை தானாகக் காதுக்குப் போனது.

நான் எழுதிக் கொடுத்திருந்தது, ‘தண்ணி குடு.’

"தண்ணீர்... கொடுக்கவும்."

பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பானது. ஒலி மிஞ்சிவிட்டது. மைக் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழை அவசரமாகக் குறைத்தேன்.

"மின்விளக்கை... அணைக்கவும்."

"எனக்கு... வலி... ஏற்பட்டுள்ளது."

ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் நிறுத்தினார், தெருமுனையில் எதிரொலி அடங்கட்டும் என்பதுபோல. தொண்டைக் கரகரப்பைக்கூடக் காணோம். என் கண் திரையிலேயே இருந்தது. எந்த இடத்திலும் ஒலி வெட்டுப்படவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசி வாக்கியம் வரை முடித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஈரக்கையோடு வந்து நின்று கேட்டாள்.

"ஏட்டி, இது யாரு?"

"மாமாதான், அத்தை."

"தண்ணி கேக்குற மாதிரியா இருக்கு? பொணத்த நாலு மணிக்கு எடுக்காங்கங்கற மாதிரில்ல இருக்கு."

அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அத்தை சிரிக்கவில்லை.

"இது ஊருக்குச் சொல்ற குரலு. அத ஊரே வச்சிக்கிடட்டும். எனக்கு வீட்டுல பேசுறது வேணும்."

ஹெட்போனைக் கழற்றினேன். மைக்கை அவர் முகத்துக்கு நேராக இல்லாமல் ஓரமாக நகர்த்தினேன். அத்தையைப் பார்த்துப் பேசுங்கள், மாமா, என்றேன்.

அவர் அத்தை பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

காற்று வந்தது.

வெந்நீர் குடித்தார். தொண்டையைத் தடவிவிட்டுக்கொண்டார். மறுபடி திறந்தார்.

கெயினை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற அவர் மூச்சு பெரிதானது. முழுதாகத் திருகினேன். சுவர்க் கடிகாரம் கேட்டது. அத்தையின் வளையல் கேட்டது. மூடிய ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை இழுப்பது கேட்டது.

அவர் குரல் மட்டும் கேட்கவில்லை.

இன்றைக்கு இருந்ததையெல்லாம் நான் தண்ணீர் கொடுக்கவும் மின்விளக்கை அணைக்கவும் செலவழித்துவிட்டேன்.

அவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். சாயங்காலம் எழுந்தபோதும் காற்றுதான் வந்தது.

நாளை எட்டு மணிக்கு மதுரைக்குக் கார் வருகிறது. எழுந்ததும் கொஞ்சம் குரல் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இருந்தால் ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டேன். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது வேண்டும்?

தன் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவர் சட்டை ஒன்றை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"காப்பியில சீனி இல்லன்னா ஒரு கத்து கத்துவார்ல. அது."

சொல்லச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லச் சொன்னா வராதுட்டி. மைக்கக் கண்டா அவரு வேற ஆளு."

நாளை: அவர் எழுந்திருக்கும் முன் மைக்கை அவருடைய நாற்காலிக்குப் பின்னால், ஜன்னல் திரைக்குள் வைக்க வேண்டும். பதிவை முன்பே ஓடவிட வேண்டும். பெட்டியின் விளக்கு தெரியாமல் துணி போட வேண்டும். காப்பியில் சீனி போடக் கூடாது.