ஈரம் ஏறாத பெட்டி

“ஏனுங்கம்மா, டேங்க் நெறஞ்சாக் கூப்புடற பொட்டி ஊட்டுக்குள்ளதான மாட்டியிருக்கும்? அதுக்குள்ள எப்படீங்க இத்தன ஈரம்?”

பல்லடத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மதன்குமார், பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான். உள்ளே போர்டெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

“ஈரம் பட்டுப்போச்சு கண்ணு. இனிப் படாம ஏதாச்சும் பண்ணிக் குடு,” என்றாள் வள்ளியாத்தாள்.

“ரெசின் ஊத்தி மூடலாமுங்க. ஆனா காஞ்சு கல்லாட்டம் ஆயிருமுங்க. அப்பறம் பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியாது. பேசாமப் புதுசு வாங்கிப்போடுங்க.”

“புதுசு வேண்டாம். இதுக்கே ஊத்திப்போடு.”

இந்தம்மா பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறதே என்று சலித்தபடி போர்டைத் துடைத்தான். விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்து, ப்ளக்கைச் சொருகினான்.

“டேங்க்ல எறக்கற ஒயரைக் கொண்டாந்தீங்களா? ஊத்தறதுக்கு முன்னால ஒருக்காப் பாத்துக்கலாம்.”

அவள் பையிலிருந்து ஒயரையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்தாள். பழக்கப்பட்ட கையாய் ஒயரைச் சொம்புக்குள் முக்கினாள்.

“அம்மா, தண்ணி நெறஞ்சுருச்சு. மோட்டார நிறுத்திப்போடு.”

பெட்டிக்குள்ளிருந்து வந்தது ஓர் இளைஞனின் குரல்.

“உங்க பையனுங்களா?”

“ம். அவனே பேசி வெச்சுக் குடுத்தது. அவன் தவறுனதுக்கப்பறம் ஊட்டையும் வித்தாச்சு, டேங்க்கும் இல்ல. தெனமும் மடியில வெச்சு இப்படித்தான் முக்கிக் கேக்கறேன். தண்ணி பொட்டி மேலயும் சிந்திப்போகுது.”

மதன்குமார் ரெசினைக் கலக்கினான். ஊற்றப் போகையில் அவள் மெல்ல அவன் கையைப் பிடித்தாள்.

“குரல் வர்ற ஓட்டைய மட்டும் அடைச்சுப்போடாத கண்ணு.”