இனாம் ஸ்பீக்கர்

"சவுண்டு கார்டு வேண்டாம் பாய். ஸ்பீக்கரும் வேண்டாம்."

பீர் மைதீன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

1998-ஆம் வருஷம். ராஜபாளையத்தில் அவர் கடைக்கு வருகிறவர்கள் கணக்கு எழுதவும் டைப் அடிக்கவும்தான் கம்ப்யூட்டர் கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்திருந்த ராஜரத்தினம் மட்டும் விளையாடுவதற்குக் கேட்டார். அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

"பெங்களூருல இருக்க என் மச்சினன் ஒரு சுடுற ஆட்டத்தையே பிரிச்சு மாத்திக் கட்டியிருக்கான் பாய். புது வீடு, புது ஆளு, புதுப் படம்னு என்னென்னமோ உள்ள சேத்துட்டான். சாதா மிஷின்ல போட்டா நகர மாட்டேங்குதாம்."

"அப்ப பென்டியம் டூ போட்டுருவோம் அண்ணாச்சி. மெமரி டபுளா வேணும். த்ரீ-டி கார்டு மெட்ராஸ்ல இருந்துதான் வரணும், வெலையும் கூட."

"வரவழைங்க. மானிட்டர் பதினேழு இஞ்சு. ரெண்டு மிஷினையும் ஒயர் போட்டுச் சேத்துக் குடுங்க. ரெண்டு பேரு எதிரும் புதிருமா ஒக்காந்து ஆடணும்."

இம்புட்டும் கேட்ட மனிதர்தான் ஸ்பீக்கர் வேண்டாம் என்கிறார்.

"அண்ணாச்சி, சுடுற ஆட்டத்துல சத்தம்தான பாதி. வெடி கேக்கலேன்னா அதுல என்ன இருக்கு? வேணும்னா வெலையில கொறைச்சுக்கிடுதேன்."

"வெலைக்காகச் சொல்லல பாய்."

"பொறவு எதுக்கு?"

ராஜரத்தினம் கடையில் நின்ற மற்ற ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். "வேண்டாம்னா விடுங்களேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும்தான் மெக்கானிக் மாரிசாமியால் பொறுக்க முடிந்தது.

"மொதலாளி, அவரு பேண்டேஜ் துணி பேக்டரி வச்சிருக்காரு. நாப்பது வயசுல வெளையாட ரெண்டு பொட்டி வாங்குதாரு. ஸ்பீக்கர்னா மட்டும் கை சுருங்குது. பந்தலுக்கு அள்ளி விட்டுட்டு மேளக்காரன்கிட்ட பேரம் பேசுற ஆளு போல."

பீர் மைதீனுக்கும் அப்படித்தான் பட்டது. கூடவே கொஞ்சம் தொழில் ரோஷமும் வந்துவிட்டது. தன் கையால் கோத்த மிஷின் ஒரு வீட்டில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால், நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?

"ஏலே, ரெண்டு செட்டு நாமளே இனாமாக் கொண்டு போவோம். சவுண்டு கார்டையும் எடுத்துக்கோ. மாட்டிக் காமிச்சா மனுசன் வாயடைச்சுப் போவாரு."

சாமான் எல்லாம் வந்து சேர்ந்து, பூட்டி முடித்து, வேனில் ஏற்றிக்கொண்டு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். கூடத்தில் எதிரெதிராக இரண்டு மேஜைகள் தயாராக இருந்தன. ராஜரத்தினத்தின் மனைவி பரிபூரணம் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இந்த ஸ்பீக்கரை எங்கன வைக்க?"

பதில் இல்லை. பீர் மைதீன் இன்னும் உரக்கக் கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெரிய வீட்டுக்காரவிய. நம்மகிட்டல்லாம் பேசுவாகளா?" மாரிசாமி முணுமுணுத்தான்.

உள்ளேயிருந்து வந்த ராஜரத்தினம் காலால் தரையை ஓங்கித் தட்டினார். அந்த அதிர்வில் பரிபூரணம் திரும்பினாள். அவர் கையசைத்து ஏதோ சொல்ல, அவளும் கையாலேயே பதில் சொல்லிவிட்டு, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி டீ போடப் போனாள்.

"அவளுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது பாய். கடையில வச்சுச் சொன்னா நாலு பேரு உச்சுக் கொட்டுவாக. அது அவளுக்குப் பிடிக்காது."

மாரிசாமி குனிந்துகொண்டு அவசரமாக ஒயரை இழுத்தான். பீர் மைதீனுக்குக் கையிலிருந்த ஸ்பீக்கரை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் ராஜரத்தினம் மனைவியைக் கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"பெங்களூருல மச்சினன் வீட்டுல நாங்க ரெண்டு பேரும் ஆடிப் பாத்தோம் பாய். அவளால ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியல. தனக்கு மூளை பத்தாதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா. அதுல இருந்து தொட மாட்டேங்கா. அதுக்குத்தான் மச்சினன் ஆட்டத்தை மாத்துனான். சத்தம் எந்தப் பக்கம் வருதோ, சத்தத்துக்குப் பதிலா அந்தப் பக்கம் ஒரு படம் வரும்."

அவளைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. திரையில் ஓர் இருட்டு வீடு விரிந்தது. அதற்குள் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் தேடினார்கள்.

பரிபூரணத்தின் திரையில், இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பாதம் மின்னியது. சட்டென்று இடது பக்கம் திரும்பிச் சுட்டாள். எதிர் மேஜையில் ராஜரத்தினத்தின் திரை முழுக்கச் சிவந்து போனது.

அவளால் நம்ப முடியவில்லை. எழுந்து போய் அவர் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். இன்னொரு ஆட்டம் என்று அவளே விரலைக் காட்டினாள்.

பார்த்துக்கொண்டிருந்த பீர் மைதீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்பீக்கரை மெல்ல ராஜரத்தினத்தின் பக்கம் நகர்த்தினார்.

"மதினிக்குத்தான் படம் வருதே அண்ணாச்சி. ஒங்க மிஷின்லயாவது இதை மாட்டிருதேன். நீங்களாவது சத்தத்தோட ஆடுங்க."

ராஜரத்தினம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பெங்களூருல நான் ஜெயிச்சது எல்லாம், அவ வர்ற காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாய். இனிமே எனக்கும் கேக்க வேண்டாம்."