பக்கத்து வீட்டுச் சாட்சி

“வாரம் பூரா பொட்டுத் தூக்கம் இல்ல, அண்ணே!” என்று வாசலில் வந்து நின்றாள் பக்கத்து வீட்டு யாதிரா. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. இடுப்பில் இருந்த கைக்குழந்தை யெய்னர் அவள் காதைப் பிடித்து இழுத்தபடி வீறிட்டுக்கொண்டிருந்தான்.

அனிபாலுக்குக் கோபம் வரவில்லை, புல்லரித்தது. “இப்படியே இரு, தங்கச்சி, இப்படியே! அந்தக் கண்ணைக் கழுவாத, தலையை வாராத. பெட்டியை வாங்க ஆளு வந்துகிட்டிருக்கான்.”

அவனுடைய பிக்கோ முற்றத்தில் நின்றது. இரண்டு அலமாரி அகலத்துக்கு ஒரே ஒலிபெருக்கிப் பெட்டி. முகப்பில் கூரைகளைப் பிய்த்து எறியும் சுழற்காற்றின் படம், மேலே ‘சூறாவளி’ என்று பெயர். விற்பனைக்காகப் புது வர்ணம் அடித்ததில், வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் காய்ந்துகொண்டிருந்தது.

அதை இன்று விற்றே ஆகவேண்டும். அனிபாலின் துணிமணிகளை ஒரு பெட்டியில் திணித்து வாசற்படியில் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து உப்பு தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள் அவன் மனைவி ஒமைரா. “இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது போகணும். இல்ல, நீ போகணும்” என்பது அவள் தீர்ப்பு.

பரான்கீயா ஊரில் பிக்கோ வாங்குகிறவன் விற்கிறவன் பேச்சை நம்பமாட்டான். சுவரை ஒட்டிய வீட்டில்தான் விசாரிப்பான். அந்த வீட்டார் எவ்வளவு கேவலமாகத் திட்டுகிறார்களோ, அவ்வளவுக்குச் சத்தம் பெரிசு என்று விலை ஏறும்.

“அவன் கேட்டதும் வாயில வந்தபடி என்னைத் திட்டு. என் அம்மாவையும் சேத்துத் திட்டு, தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்றான் அனிபால்.

“நெஜமாவே வித்துடப் போறியா, அண்ணே?”

“சத்தியமா. இனிமே உன் வீட்டுல நிம்மதிதான்.”

யாதிரா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “வரட்டும்” என்றாள்.

சியேனகாவிலிருந்து வந்த தார்சீசியோ, வயிறு முன்னே வர, தான் பின்னே வந்தார். பெட்டியை ஒருமுறை சுற்றி வந்து விரலால் சுரண்டினார். “வயசை மறைக்க நல்லாத்தான் பூசியிருக்க. எங்க, போடு கேப்போம்.”

அனிபால் பொத்தானை அழுத்தினான். விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. தெருவுக்கே மின்சாரம் போயிருந்தது.

“சாயங்காலம் வந்துடுங்க, அண்ணாச்சி!”

“எனக்குப் பஸ்ஸு இருக்குய்யா. அதான் சாட்சி நிக்குதே.” தார்சீசியோ யாதிரா பக்கம் திரும்பினார். “தாயி, நீதானே சுவத்துக்கு அந்தப் பக்கம்? உள்ளதைச் சொல்லு, இது எப்படி?”

அனிபால் கண்ணடித்துவிட்டு, தலையைக் குனிந்து, வசவுகளை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

“தங்கமான பெட்டிங்க” என்றாள் யாதிரா. “என் கட்டில் இந்தச் சுவத்தை ஒட்டித்தான் கெடக்கு. அண்ணன் ராத்திரி பூரா போடுவாரு. இந்தப் புள்ள ஒரு தடவகூட முழிச்சதில்ல.”

தார்சீசியோவின் புருவம் மேலே ஏறியது. “முழுச் சத்தத்துலயா?”

“சத்தக் குமிழைத் திருப்புற வரைக்கும் திருப்பித்தான் வைப்பாரு. கேக்கத் தாலாட்டு மாதிரி இருக்கும்.”

தாலாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அனிபால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். “சும்மா சொல்றா, அண்ணாச்சி! அவ கண்ணைப் பாருங்க, தூக்கம் இல்லாம எப்படிச் சிவந்திருக்கு!”

“உனக்குப் பக்கத்து வீட்டுல குடியிருந்தா எவதான் அழமாட்டா?” தார்சீசியோ தொப்பியைத் தலையில் வைத்தார். “கைக்குழந்தையை எழுப்பத் துப்பில்ல, இதுக்குப் பேரு சூறாவளியாம்! இதைக் கல்யாணத்துல கொண்டுபோய் வச்சா மாப்பிள்ளையே குறட்டை விடுவான்!”

அனிபால் பாதித் தெரு வரை பின்னாலேயே ஓடினான். விலையைக் குறைத்தான்; பிறகு இன்னும் குறைத்தான். தார்சீசியோ திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலையில் மறைந்தார்.

அவன் திரும்பி வந்தபோது ஒமைரா எழுந்து நின்றிருந்தாள். வாயில் மாங்காயோடு, காலால் ஒரு தள்ளு தள்ளினாள். துணிப்பெட்டி படியிறங்கித் தெருவுக்கு வந்தது.

“பாத்தியா, என் பொழப்பைக் கெடுத்துட்டியே, தங்கச்சி!” என்று தலையில் கைவைத்தான் அனிபால். “நல்லவ மாதிரி எதுக்கு அப்படி ஒரு பொய்? அது போயிருந்தா நீயும் புள்ளையும் நிம்மதியாத் தூங்கியிருக்கலாமே! உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுகிட்டியே!”

முற்றத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. விசிறி முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது. வீறிட்டு அழும் பிள்ளையைத் தோளில் சாய்த்து, முதுகில் தட்டிக்கொடுத்தாள் யாதிரா.

“பொய் என்னண்ணே பொய், போறதுக்கு முந்தி அதைச் சத்தமாப் போட்டு விட்டுட்டுப் போ; புள்ள தூங்கி ஒரு வாரமாச்சு!”