பச்சை விளக்கு எரியும்வரை

நாற்பத்தாறு வயதில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். ஆனால் தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் பட்டறையில் பாதுகாப்பு விதிகளைத் தாளில் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். எழுத்து மறந்துபோகுமாம், படம் மறக்காதாம்.

தினமும் காலையில் படம் ஓடும் கண்ணாடி ஒன்றை எங்கள் கண்ணில் மாட்டிவிடுவார்கள். எதிர் மெஷினில் நிற்கும் சென்னியப்பனின் கை அந்தப் படத்தில் நசுங்கும். சில நாள் என் கையே நசுங்கும். தெரிந்தவர் ரத்தம் என்றால்தான் மனதில் பதியும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். கண்ணை மூடினால் பாடம் முதலிலிருந்து ஓடும். அசையாமல் பார்த்து முடித்தால் பச்சை விளக்கு எரியும், டீ குடிக்கப் போகலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் சென்னியப்பனின் கை நிஜமாகவே மாட்டிக்கொண்டது. முதல் இடியில் விரல்கள் போயின.

"அண்ணா, நிறுத்துங்ணா!"

ரத்தம் என் சட்டையில் அடித்தது. சிவப்புப் பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அசையாமல் பார்த்தேன். மற்ற ஐந்து பேரும் அப்படியே பார்த்தார்கள். பிரஸ் இன்னும் மூன்று முறை இறங்கியது.

அந்தக் கண்ணாடியைப் போட்டே அறியாத டீக்காரப் பாவாயிதான் ஓடிவந்து பொத்தானை அடித்தாள். அதே கையால் என்னையும் அறைந்தாள்.

"வேடிக்கையாடா பாக்கறே? நீயெல்லாம் மனுசனா?"

ஆஸ்பத்திரியில் அவன் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, "படம்னு நெனச்சுட்டேன் தம்பி" என்றேன்.

அவன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் அப்படித்தானுங்ணா நெனச்சேன். மெஷின் எறங்கறதப் பாத்துட்டேதான் இருந்தேன். கையை எடுக்கல."