மீன் இல்லாத தொட்டி

அம்மா படுத்திருந்த அறையில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கட்டிலைக் காணோம். கட்டில் கிடந்த இடத்தில் பீரோவைப் படுக்கவைத்த மாதிரி ஒரு தொட்டி. உள்ளே வெள்ளை மணல், நாலைந்து பாறை, விளிம்பு வரை தண்ணீர். அடியில் ஒரு மோட்டார் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குழாய்க்குள் நுரை பொங்கிப் பொங்கிக் குமிழி விட்டது.

"மீன் எங்கடா?"

தம்பி பக்கெட்டில் உப்பைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தான். "இன்னும் விடலைக்கா. இது கடல் தண்ணித் தொட்டி. தண்ணி முதல்ல பழகணும்."

தண்ணீர் பழகுவதாவது. அவன் விளக்கினான். பாறையில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் வளர வேண்டுமாம். அவைதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுமாம். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டால் செத்து மிதக்குமாம். தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாதாம், நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம், உப்பு எங்கேயும் போகாதாம். சொல்லிக்கொண்டே சின்னக் குழல் மாதிரி ஒரு கருவியில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உப்பின் அளவு பார்த்தான்.

பெற்றவளை இத்தனை அக்கறையாகப் பார்த்திருப்பானா என்று அக்கா நினைத்தாள். நினைத்ததை மனதோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. சொல்லியும் விட்டாள். தம்பி கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உப்பைக் கலக்கினான்.

கூடத்து சோபாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போனாள், கொர்ர். குளியலறைக்குப் போனாள், அங்கேயும் கொர்ர். காலையில் வந்து இறங்கிய தனக்கே தலை விண்விண்ணென்று தெறிக்கிறதே, ராவும் பகலும் இதிலேயே கிடக்கிற மனிதர் என்ன பாடுபடுவார்.

"தூங்க முடியுதாப்பா?"

"நல்லாத் தூங்கறேம்மா," என்றார் அப்பா.

மகனை விட்டுக்கொடுக்க மாட்டாராம்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையில் இருந்த வளர்ப்பு மீன் கடைக்கே போய்விட்டாள். சத்தம் வராத மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று அவள் கணக்கு. எந்த வீடு என்று விசாரித்த கடைக்காரர் சிரித்தார்.

"உங்க தம்பிக்கு முதல்ல அதைத்தாம்மா கொடுத்தேன். எல்லாரும் சத்தம் வருதுன்னு சண்டைக்கு வருவாங்க. இவர் சத்தமே வரலைன்னு திருப்பிக் கொடுத்துட்டு, பழைய மாடலைத் தேடி வாங்கிட்டுப் போனாரு."

கடையில் அக்கா வாயே திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து வீட்டில் திறந்தாள்.

"அப்பாவை வீட்டை விட்டு ஓட வைக்கத்தானே இதெல்லாம்? வாயால சொல்ல உனக்குத் தைரியம் இல்லை. மோட்டாரை விட்டுச் சொல்றே."

"மெதுவாப் பேசுக்கா. இப்பதான் கண் அசந்தாரு."

"நாளைக்கே அவரை என்னோட கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுல பொட்டுச் சத்தம் இருக்காது. இருக்கற காலத்துக்கு நிம்மதியா இருக்கட்டும்."

தம்பி சட்டென்று எழுந்தான். "அங்க அவரால இருக்க முடியாதுக்கா. பின்பக்கம் வா, சொல்றேன்," என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

அவள் போகவில்லை. அவன் சொல்லித் தான் கேட்க இனி என்ன இருக்கிறது? நேரே அறைக்குள் நுழைந்து சுவிட்சை அணைத்தாள்.

அப்பாடா என்றிருந்தது. நுரை அடங்கி, வீடே அமைதியானது.

அடுத்த நொடி கூடத்தில் ஒரு டம்ளர் உருண்டது. அப்பா ஓடி வந்தார். முட்டி வலியால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறவர், நிலைப்படி தடுக்கியும் நிற்காமல் வந்தார். கண்ணில் தூக்கம் கலையவில்லை. கட்டில் கிடந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டித் துழாவினார். கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

"மெஷின் நின்னுபோச்சு. சிலிண்டரைத் திறங்க, அம்மாவுக்கு மூச்சு முட்டும். சீக்கிரம்."

அக்கா சட்டென்று சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. குமிழிகள் கிளம்பின. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் தோள்கள் தளர்ந்தன. மகளைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போய் சோபாவில் சாய்ந்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

ஈரக் கையோடு ஓடி வந்த தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அம்மாவுக்கு ராவும் பகலும் ஓடிட்டிருந்த ஆக்சிஜன் மெஷினைத் திருப்பி அனுப்பினதுலேர்ந்து இப்படித்தான்க்கா," என்றான் தாழ்ந்த குரலில். "வீடு அமைதியானா எழுந்து ஓடி வந்துடுவாரு. அப்புறம் அம்மா இல்லைங்கறது ஞாபகம் வந்து, இங்கேயே உக்காந்து அழுவாரு. தினம் தினம் புதுசா அழுவாரு."

அக்காவால் கண்ணீரை அடக்க முடியவில்லை. "அதுக்கு மீன் வளக்கலாம்னு உனக்கு எப்படிடா தோணிச்சு?"

"மீனைப் பத்தி நான் விசாரிக்கவே இல்லைக்கா. எந்தத் தொட்டிக்கு மோட்டாரை நிறுத்தவே கூடாதுன்னு மட்டும்தான் கடையில கேட்டேன்."